சிவப்புக் கொக்கி

துறைமுக ஸ்டேஷனின் இன்டர்ஃபேஸ் மறுபடியும் விழுந்தபோது அவள் டீயை வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள். சுவரை அடைத்த பெரிய திரையில் ஒரு பச்சைப் புள்ளி சிவப்பாக மாறியது. அலாரம் கூவியது. குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆரம்பிச்சாச்சு," என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். மூச்சு விடாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "துறைமுகத்துக்கு இன்னிக்கு யார் போயிருக்கா? நம்ம கிரகணம்தானே?"

"வாயை மூடிட்டு உன் திரையைப் பாரு."

ரேடியோ வாயை மூடினான். கன்ட்ரோல் ரூமில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். காதுபடவே சொல்வார்கள், அவளும் கண்டுகொள்ள மாட்டாள். இன்னும் சொல்லப்போனால் அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் கிரகணம் என்று யாராவது சொன்னால் மட்டும் உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும். கிரகணம் என்பது அவள் கூடப்பிறந்த தம்பி.

வேலை இன்னதென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது வீடுகளுக்கு இணையம் கொடுக்கிற கம்பெனி. வெளியூர்களில் சின்னச் சின்னக் கட்டடங்கள் இருக்கும், ஸ்டேஷன் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரவுட்டர். ரவுட்டரின் முகத்தில் வரிசையாகப் பொந்துகள். ஒவ்வொரு பொந்தும் ஒரு இன்டர்ஃபேஸ், அதாவது ஒரு வாசல். வாசல் மூடினால் அந்தப் பக்கத்து வீடுகள், கடைகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் இணையம் போய்விடும். உடனே ஊரே போனை எடுத்துக் கம்பெனியைத் திட்டும். திட்டுவதில் ஒரு தப்பும் இல்லை.

அவள் விசைப்பலகையை இழுத்து, வழக்கம்போல் அந்த இன்டர்ஃபேஸை இங்கிருந்தே மூடித் திறந்தாள். சிவப்பு பச்சையானது. டிக்கெட்டில், அதாவது புகார்ப் பதிவில், 'சரியானது' என்று போட்டு முடித்தாள். விழும், மூடித் திறப்பார்கள், எழும், டிக்கெட் முடிந்துவிடும். நாளைக்கு விழுந்தால் அது புது டிக்கெட், புதுக் கோளாறு. இந்தக் கண்கட்டு வித்தைக்குத்தான் அந்த அறையில் அத்தனை பேர், அத்தனை திரை, நடுங்க வைக்கிற அளவுக்கு ஏசி.

ஆனால் மறுநாள் தம்பிமேல் விசாரணை. அது மட்டும் அப்படி மூடித் திறந்தால் சரியாகிற விஷயம் இல்லை.

கதை மழைக்காலத்தில் ஆரம்பித்தது. பாலத்தடி ஸ்டேஷனில் ஒரு இன்டர்ஃபேஸ் ஓயாமல் விழுந்தது. எத்தனை முறைதான் மூடித் திறப்பது? ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய், கம்பெனியின் சாமான் அறையான ஸ்டோரிலிருந்து ஒரு புது மாட்யூலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன்களில் பழுது பார்க்கப் போகிற தம்பியின் வேனில் ஏறித் தானே போய்விட்டாள். மாட்யூல் என்பது விரல் நீளத் தகரத் துண்டு. ரவுட்டரின் பொந்தில் அதைச் செருகினால்தான் ஃபைபர் என்கிற கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் போகும், இணையமும் போகும். தம்பி மொட்டைமாடியில் ஏசியின் வெளிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் பழையதை உருவினாள். தொட்டால் சுட்டது. சனியன் இதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. புதியதைச் செருகியதும் பாலத்தடி அடங்கியது. அதற்குப் பிறகு அங்கே ஒரு அலாரமும் இல்லை.

உருவியதை யாரும் தெரியாமல் மறுபடி எடுத்துவிடக் கூடாதே என்று கைப்பையிலிருந்த நகப்பூச்சை எடுத்து, அதைப் பிடித்து உருவுகிற கொக்கியில் சிவப்பாகத் தீட்டினாள். வயிற்றில் 'கெட்டது' என்று ஒரு சீட்டும் ஒட்டினாள். காகிதத்தில் சுற்றித் தம்பியிடம் கொடுத்து, ஸ்டோரில் சேர்த்துவிடச் சொன்னாள். அவனும் சேர்த்தான். அதோடு அதை மறந்தும் போனாள்.

அதற்குப் பிறகு மேட்டு ஸ்டேஷனில் இடி விழுந்து ஒரு மாட்யூல் கருகியது. தம்பி ஸ்டோரிலிருந்து வேறொன்று வாங்கிப் போய் மாட்டினான். மாட்டிய கொஞ்ச நாளில் அந்த இன்டர்ஃபேஸ் விழ ஆரம்பித்தது. துடைத்தான், ஃபைபரை மாற்றினான், கடைசியில் மாட்யூலையும் மாற்றிவிட்டு, கழற்றியதை ஸ்டோரில் கொடுத்தான். மேடு அடங்கியது. அதற்குள் துறைமுகத்தில் தேவைப்பட்டது. அங்கேயும் போய் மாட்டினான். இப்போது துறைமுகம் விழுந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பக்கத்து ஸ்டேஷன்களுக்கெல்லாம் போகிற ஒரே ஆள் அவன்தான். ஆகவே அவன் போகிற இடமெல்லாம் வெளிச்சம் போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. ரேடியோ அதற்குக் கிரகணம் என்று பெயர் வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு மாடிப்படி ஏறி மேனேஜர் அறைக்குப் போனபோது அது சிரிப்பாக இல்லை, புகாராக இருந்தது. கையில் சுத்தம் இல்லை, அழுக்குப் பட்ட ஃபைபரில் வெளிச்சம் போவதில்லை, வேலையில் கவனம் இல்லை, வெள்ளிக்கிழமை விசாரணை, பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஒரு கோளாறுக்குக் காரணம் தேடுவதைவிட ஒரு ஆளைத் தேடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

இதில் அவள் மனசை அரித்தது வேறு ஒன்று. அவளும் அதை நம்பினாள். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான், அந்த வெட்கம் வேறு. போன வாரம் வீட்டில், அம்மா எதிரிலேயே, "ஃபைபரைத் தொடறதுக்கு முன்னாடி கையைக் கழுவித் தொலைடா, என் மானத்தை வாங்காதே" என்று கத்தினாள். அவன் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான்.

துறைமுகம் மறுபடி சிவப்பானது. அவள் வீடியோ கால் போட்டாள். தம்பியின் முகம் வந்தது. கன்னம் ஒட்டி, தூக்கமில்லாத முகம்.

"இப்பதான்க்கா துடைச்சேன். ரெண்டு தடவை துடைச்சேன்."

"சரி, விடு. மாட்யூலை உருவி வாயைக் காட்டு. உள்ள தூசி இருக்கான்னு பார்க்கறேன்."

உருவிக் கேமராவுக்கு நேரே பிடித்தான். சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றினான். வாய் பளிச்சென்று இருந்தது, ஒரு துளி தூசி இல்லை. அவள் பார்வை வாயிலிருந்து கொக்கிக்குப் போனது.

"அது என்னடா நிறம்?"

"சிவப்பு."

"சிவப்புக் கொக்கி எந்த ஊர்ல வருது?"

"எனக்கு என்னக்கா தெரியும்? நீலம் வருது, கறுப்பு வருது, ஊதா வருது. இதுவும் ஏதோ ஒரு கம்பெனி நிறம்னு நினைச்சேன். மேட்டுலயும் இதே நிறத்துல ஒண்ணு போட்டேன்."

"நகத்தால சுரண்டு."

சுரண்டினான். சிவப்பு, செதிலாக உரிந்தது. அடியில் வெறும் தகரம் மின்னியது. அவள் தன் நகத்தைப் பார்த்தாள். அதே சிவப்பு, அதே புட்டி.

"வயித்துப் பக்கம் திருப்பு. என்ன ஒட்டியிருக்கு?"

"ஸ்டோர் சீட்டு. 'சோதித்தது, நல்லது'ன்னு முத்திரையோட இருக்கு."

பாலத்தடியில் அவள் கொன்று அனுப்பிய சனியன் மேட்டுக்குப் போயிருக்கிறது, மேட்டிலிருந்து துறைமுகத்துக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஸ்டோர் அதற்குப் புதுச் சீட்டு ஒட்டி, அவள் தம்பியின் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறது. எந்த மாட்யூல் உள்ளே இருக்கிறது என்று ரவுட்டரைக் கேட்டால் நம்பரோடு அதுவே சொல்லும். யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊரும் தனி டிக்கெட், தனிக் கோளாறு. இரண்டு ஊரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான் தோன்றவில்லை.

"டேய், அதை யார்கிட்டயும் குடுக்காதே. நேரா என்கிட்ட எடுத்துட்டு வா. அங்க இன்னும் இணைப்பு குடுக்காத தெருவுக்குன்னு ஒரு மாட்யூல் சும்மா கிடக்கு பாரு, இப்போதைக்கு அதைப் பிடுங்கி இதுக்குப் போடு."

"சரிக்கா."

அவன் போனை எங்கேயோ சாய்த்து வைத்தான். திரையில் ரவுட்டரின் ஓரம் தெரிந்தது. மாட்யூலைச் செருகிய கை அவனுடையதாக இல்லை. நரைமுடி அடர்ந்த, காக்கிச் சட்டைக் கை. யாராவது உதவிக்கு நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். துறைமுகம் பச்சையானது. அன்று முழுக்கப் பச்சையாகவே இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் மேனேஜர், ஒன்றில் ஸ்டோர்காரர். மூன்றாவது காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் தம்பியை நிற்க வைத்திருந்தார்கள். கூப்பிடாமலே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போன அவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் காலி நாற்காலிதான்.

"இது உங்க ஷிப்டு விஷயம் இல்லையேம்மா," என்றார் மேனேஜர்.

"என் டிக்கெட் விஷயம் சார். விழுந்ததை எல்லாம் தூக்கி நிறுத்தினது நான்தான்."

"தம்பின்னு பார்க்காதீங்க. ஒரு ஊர்ல விழுந்தா ஏதோ கோளாறுன்னு விட்டுடலாம். இவர் போற ஊர்ல எல்லாம் விழுதுன்னா என்ன அர்த்தம்? சிலருக்குக் கை ராசி அப்படி. நான் தப்பாச் சொல்லலை, ஆனா கம்பெனி என்ன செய்யும், சொல்லுங்க."

அவர் தலைக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டம் தொங்கியது, ஒளியிழைத் தொழில்நுட்பத்தில் மேற்படிப்பு. அதன் அடியில் உட்கார்ந்துகொண்டு மனிதர் கை ராசி பேசுகிறார். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கைப்பையைத் திறந்து மாட்யூலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், இது துறைமுகத்துல கழட்டினது. ஸ்டோர் முத்திரை இருக்கு. இது நல்ல பொருளா கெட்ட பொருளா?" ஸ்டோர்காரரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

ஸ்டோர்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நல்லதுதான். டெஸ்ட் பண்ணாம நாங்க எதையும் வெளிய விடறதில்லை."

"எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

"செருகிப் பார்ப்போம். லைட் எரிஞ்சா நல்லது."

"எவ்வளவு நேரம் எரியணும்?"

"எரிஞ்சா போதாதா?"

"போதாது சார். உங்க ரூம்ல ஏசி ஓடுது, செருகினதும் எரியும். ஏசி பத்தாத ஸ்டேஷன் புழுக்கத்துல நாள் பூரா ஓடிச் சூடேறினா இது செத்துடும். நான் மூடித் திறந்தா அந்த இடைவெளியில கொஞ்சம் ஆறும், மறுபடி எரியும், மறுபடி சாகும். பாலத்தடியில இதைக் கழட்டினதே நான்தான். 'கெட்டது'ன்னு சீட்டு ஒட்டிக் குடுத்தேன். அந்தச் சீட்டு எங்க?"

ஸ்டோர்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

"கெட்டதுன்னு உள்ள வாங்கினா மேலிடத்துக்கு விளக்கம் எழுதணும்," என்றார் ஸ்டோர்காரர், குரல் தணிந்து. "அதனால வர்றதை எல்லாம் ஒரு தடவை செருகிப் பார்ப்போம். எரிஞ்சா சீட்டைக் கிழிச்சிட்டு நம்ம சீட்டைப் போட்டுடுவோம். எப்பவும் செய்யறதுதான்."

"சூடேறினா சாகும்ங்கறது உங்க அனுமானம்மா," என்று மேனேஜர் குறுக்கிட்டார். "டெஸ்ட்டுல பாஸாகியிருக்கு. அப்போ மாட்டினவர் கையிலதானே கோளாறு?"

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இவ்வளவு அமைதியாக அவள் பேசி அந்த ஆபீஸில் யாரும் கேட்டதில்லை.

"சரி சார். நல்ல பொருள்தான். ஒத்துக்கறேன். இந்த மாடிக்கு இணையம் வர்ற ரவுட்டர் பக்கத்து ரூம்லதான் இருக்கு. அதுல இருக்கறதைக் கழட்டிட்டு இதைப் போட்டுடுவோம். என் தம்பி கை வேண்டாம். ஸ்டோர் சாரே தன் கையால மாட்டட்டும்."

மேனேஜர் தோளைக் குலுக்கினார். "தாராளமா. என்ன வந்துது? போய் மாட்டுங்க."

ஸ்டோர்காரர் எழுந்திருக்கவில்லை. மாட்யூலைத் தொடவும் இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம் சார்," என்றார்.

"ஏன்?"

"நாளைக்கு உங்களுக்கு மேலிடத்து மீட்டிங் இருக்கு. நடுவுல போயிடுச்சுன்னா... இந்த மாடிக்கு எப்பவும் பிரிக்காத டப்பாவுலேர்ந்துதான் சார் போடுவோம்."

"அப்போ இது யாருக்கு?" என்றாள் அவள்.

"வெளி ஸ்டேஷனுக்கு," என்றார் ஸ்டோர்காரர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மேனேஜர் என்பவர் அவ்வளவு சீக்கிரம் மூழ்கிவிடுகிற பிறவியா என்ன? தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நடைமுறையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, சரிசெய்துகொள்ளலாம், விசாரணையை இத்தோடு விட்டுவிடலாம் என்று பூசி மெழுகினார். "நீங்க போய் வேலையைப் பாருங்க தம்பி" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதுகூடப் போகட்டும். எல்லோரும் எழுந்தபோது ஸ்டோர்காரர் கையை நீட்டினார், மாட்யூலுக்காக. பழக்கதோஷம். திரும்பி வந்த பொருளைக் கணக்கில் சேர்க்க வேண்டுமே.

அவள் கொடுக்கவில்லை. மேனேஜர் மேஜையில் பித்தளையில் ஒரு காகித பாரம் இருந்தது, கம்பெனி சின்னம் போட்டது. மாட்யூலை வாசற்படிக் கல்லில் வைத்து அந்தப் பித்தளையால் ஒரே அடி அடித்தாள். தகரம் நசுங்கி, வாய் பிளந்து, சிவப்புக் கொக்கி தனியாகத் தெறித்தது.

"இப்ப கெட்டுப்போச்சு சார். விளக்கம் எழுதிக்கோங்க. உடைச்சது நான்தான்னு என் பேரையே போட்டுக்கோங்க."

இருவரும் படியில் இறங்கினார்கள். ஜெயித்துவிட்ட சூடு அவள் கன்னத்தில் இன்னும் இருந்தது. அவன் முகத்தில் அந்தச் சூடு கொஞ்சமும் இல்லை.

"என்னடா, ஒரு வார்த்தை பேச மாட்டியா?"

"அக்கா, துறைமுகத்துல அதை நான் செருகலை."

"என்ன சொல்றே?"

"நீ அன்னிக்கு வீட்ல கத்தினப்புறம் கையை சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன். அப்பவும் மேட்டுல விழுந்துச்சு. சரி, எல்லாரும் சொல்றது நிஜம்தான் போலருக்கு, நம்ம கையிலதான் என்னவோ இருக்குன்னு நினைச்சுட்டேன். அதனால துறைமுகத்துல வாட்ச்மேன் ஐயாகிட்ட குடுத்து அவர் கையால செருக வெச்சேன். நேத்து நீ வீடியோ கால் போட்டப்பவும் அவர்தான் செருகினார். உள்ள அதைச் சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன், தெரியும். எப்படிக்கா சொல்றது? என் கையை நானே நம்பலைன்னு அவங்க எதிர்ல எப்படிச் சொல்றது?"

மேனேஜரைக் குற்றம் சொல்லலாம், ஸ்டோரைச் சொல்லலாம், ரேடியோவைச் சொல்லலாம். இருந்த கோபமெல்லாம் திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே உட்கார்ந்தது. ரேடியோ பெயர்தான் வைத்தான். அதை அவன் மனசுக்குள் இறக்கியவள் அவள்.

"தப்பு என்னுதுடா," என்றாள். "அவங்க பேசினது பாதி. நான் பேசினதுதான் உன்னை இப்படி ஆக்கிடுச்சு."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, பரவாயில்லை என்றா, தெரியவில்லை.

ஸ்டோருக்குப் போய் ஜன்னலைத் தட்டினாள். உள்ளே இருந்த ஆள் திரும்பி வந்த மாட்யூல்கள் கிடந்த தட்டை இழுத்தான். "அது இல்லை, மேல் மாடிக்கு வெச்சிருக்கீங்களே, அது," என்றாள். மாடியில் நடந்தது அதற்குள் கீழே வந்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் பிரிக்காத டப்பா ஒன்று வந்தது. இணைப்பு கொடுக்காத தெருவின் வாசலிலிருந்து பிடுங்கியதைத் திருப்பி வைக்க அது வேண்டும். டப்பாவைத் தம்பியின் கையில் வைத்தாள்.

"துறைமுகத்துக்குப் போ. ஐயாவைக் கூப்பிடாதே. நீயே போடு."

சரி என்று வேனை நோக்கி நடந்தவன், வாசல் பக்கத்துக் குழாயடியில் நின்றான். டப்பாவைச் சுவர்மேல் வைத்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன சோப்புத் துண்டை எடுத்தான். காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த துண்டு அது. குழாயைத் திறந்து கையைத் தேய்க்க ஆரம்பித்தான். விரல் கணுக்களில் தோல் வெடித்துச் சிவந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

ஓடிப்போய்க் குழாயை மூடினாள். ஈரக் கையைத் தன் துப்பட்டாவில் துடைத்தாள். விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"சுத்தமாத்தான்டா இருக்கு," என்றாள். "கிளம்பு."